வல்லை வெளியில் நிற்கிற கார்

சுபாங்கனின் காருக்கு மரியாதையில் ஒரு குறைவும் இல்லை, ஓடுவதில்தான் குறைவு. பழைய காலத்து ஸ்ரீ இலக்கத் தகட்டோடு, வயதில் அவனுக்கு அப்பனாக இருக்கக்கூடிய அந்தக் கார் புத்தூர் வீட்டு வாசலில் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு நிற்கும். வெளியே எடுத்தால் நடுவழியில் திடீரென்று கோண் அடிக்காது, லைற் எரியாது, எஞ்சின் செத்துப்போகும். பிறகு நினைத்துக்கொண்டாற்போல உயிர் வரும். அப்போது சுபாங்கன் மனைவியைப் பார்த்துச் சிரிப்பான், ஏதோ தானே அதைப் பெற்றெடுத்தவன் மாதிரி.

உண்மையில் பெற்றெடுக்க இருந்தவள் அருந்ததி. நிறைமாதம். முன்பு தரித்தது தங்கவில்லை, ஆகவே இந்தப் பிள்ளைமேல் அவளுக்கு உயிர். பிள்ளைப்பேற்று நோ கண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வந்துவிட வேண்டும் என்று பருத்தித்துறை ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு வேண்டியது ஓடுகிற ஒரு வாகனம், அவ்வளவுதான்.

"நான் பிறக்கேக்கை அப்பா அம்மாவை இந்தக் காரிலைதான் ஏத்திக்கொண்டு போனவர். என்ரை பிள்ளையும் இதிலைதான் பிறக்கப் போகும்" என்றான் சுபாங்கன்.

"அப்ப இது ஓடினது. இப்ப ஓடுதே?"

"நீர் சும்மா இரும். வல்லையிலை மட்டும்தான் குழப்படி செய்யுது."

அது மெய்தான். பருத்தித்துறைக்குப் போகிற வழியில், வீடு வாசல் இல்லாத வல்லை வெளியில் முனியப்பர் கோயில் இருக்கிறது. வாகனம் ஓட்டுகிறவர்கள் அங்கே வேகத்தைக் குறைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். சுபாங்கனும் குறைப்பான். கார் அப்படியே நின்றுவிடும். முனியப்பருக்குத் தன்மேல் ஏதோ கோபம் என்று அவன் முடிவுகட்டிவிட்டான். முனியப்பருக்கு வேறு வேலை இல்லைப் பாருங்கள்.

கராச் இராசநாயகம் எஞ்சின் கொயிலை மாற்றினார், டைனமோவைக் கழற்றிப் பூட்டினார், வயர்களைப் புதிதாக இழுத்தார். கராச்சிலிருந்து வந்த அன்று கார் அருமையாக ஓடும். மறுநாள் வல்லையில் நிற்கும்.

சுபாங்கனின் பராமரிப்பைப் பார்க்க வேண்டும். இரவில் பற்றரி இறங்கிவிடும் என்று வயரைக் கழற்றி வைப்பான். சண்டைக்காலத்தில் தகப்பன் பழக்கிய பழக்கம். காலையில் குளித்துத் திருநீறு பூசி, பொனற்றைத் திறந்து, பற்றரியின் இரண்டு ஈயக் குமிழ்களுக்கும் சந்தனம் வைப்பான். கார் நின்ற ஒவ்வொரு முறைக்கும் பொட்டுப் பெருத்துக்கொண்டே வந்தது. அதற்கு மேலே வயரின் பிடியை மாட்டிக் கையால் அழுத்திவிடுவான். குறடு பிடித்து இறுக்கினால் இரவு கழற்றக் கஷ்டமல்லவா? பக்கத்தில் ஒரு செவ்வரத்தம்பூவும் உண்டு. கட்டி வந்த நாளிலிருந்து அருந்ததிக்கு அவன் ஒரு பூ வாங்கிக் கொடுத்தது கிடையாது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அயலில் ஓட்டோ ஓடுகிற லக்ஷனிடம் அவள் இரகசியமாகச் சொல்லி வைத்தாள். ஒரு பின்னேரம் நோ கண்டது. கூப்பிட்டதும் லக்ஷன் வந்துவிட்டான். அவள் பையோடு வெளியே வருவதற்குள் சுபாங்கன் அவனைத் திருப்பி அனுப்பிவிட்டான்.

"கார் நிக்கிற வீட்டிலை ஓட்டோவோ? சனம் சிரிக்கும்."

வந்த கோபத்தில் அவளுக்கு நோவே ஒரு கணம் நின்றுபோனது.

கார் ஓடியது. வல்லையில் சுபாங்கன் பக்தியோடு வேகத்தைக் குறைத்தான். கார் செத்தது. வெளியில் காற்றைத் தவிர ஒன்றும் இல்லை. லக்ஷனுக்குப் போன் அடித்தால், அவன் யாழ்ப்பாணத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

"பயப்படாதையும், ஒரு தேங்காய் உடைச்சுப்போட்டு ஓடியாறன்" என்று சுபாங்கன் பின்சீற்றிலிருந்து தேங்காயை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினான். பிள்ளையின் உடுப்புப் பைக்கு இடம் இல்லாத சீற்றில் தேங்காய்க்கு இடம் இருந்தது.

அடுத்த நோ இடுப்பைப் பிளந்தது. இந்தத் தகரத்துக்குள் கிடந்து பிள்ளை செத்துப்போகுமோ என்று அருந்ததி பயந்தாள்; வாய்விட்டு அழுதாள். அழுகைக்கு நடுவே ஒரு நினைப்பு வந்தது. கராச்சில் இராசநாயகம் பொனற்றைத் திறந்ததும் முதலில் என்ன செய்வார்? பழந்துணியால் சந்தனத்தைத் துடைப்பார். சாமி விஷயம் என்று வாய் திறக்க மாட்டார்.

அவள் இறங்கி, காரின் மட்காட்டைப் பிடித்துப் பிடித்து முன்னுக்குப் போனாள். பொனற்றைத் தூக்கினாள். சந்தனம் காய்ந்து வெடித்துக் கிடந்தது. பிடி, மெலிந்த கையில் காப்புப் போல ஆடியது. ஓடுகிறபோது டைனமோவின் தயவில் சமாளித்த கார், வேகம் குறைந்ததும் பற்றரியைக் கேட்கும். பற்றரிக்கும் வயருக்கும் நடுவில் புருஷனுடைய பக்தி குந்திக்கொண்டிருந்தால் எப்படிக் கிடைக்கும்? பிள்ளைக்கு வாங்கிய புதுத் துவாயால் குமிழ்களை உரஞ்சித் துடைத்தாள். பிடிகளை மாட்டிக் கல்லால் தட்டினாள். உள்ளே சரிந்து கோணை அழுத்தினாள். அது ஊரைக் கூட்டுகிற மாதிரி அலறியது.

அதே நேரம் அங்கே தேங்காய் சிதறியது.

"பாத்தீரே!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தான் சுபாங்கன். "உடைச்ச உடனை கரண்டைத் தந்திட்டார்!"

"காரை எடுங்கோ" என்றாள். அதற்கு மேல் கதைக்க அவளுக்கு மூச்சில்லை.

பெண்பிள்ளை. சுகமாகப் பிறந்தது. மறுநாள் ஆஸ்பத்திரி வாட்டில் எல்லோருக்கும் அவன் முனியப்பரின் அற்புதத்தைச் சொல்லிக்கொண்டு திரிந்தான். அருந்ததி சந்தனம் அப்பிய துவாயை எடுத்து அவன் முன்னால் விரித்தாள்.

"முனியப்பர் கரண்டை மறிக்கேல்லை. நீங்கள்தான் மறிச்சனீங்கள். உங்கடை சந்தனத்தை இதாலை துடைச்சன், காருக்கு உயிர் வந்தது. விளங்குதே?"

சுபாங்கன் துவாயைப் பயபக்தியோடு வாங்கிக் கண்ணில் ஒற்றினான். உதிர்ந்த சந்தனத்தில் துளி எடுத்துப் பிள்ளையின் நெற்றியில் வைத்தான்.

"பாத்தீரே, பிரசாதமும் தந்துவிட்டிருக்கிறார்."

அருந்ததி லக்ஷனுக்குப் போன் அடித்தாள்.

வீட்டுக்குப் போகிற அன்று ஆஸ்பத்திரி வாசலில் லக்ஷனின் ஓட்டோ நின்றது. பிள்ளையோடு அதில் ஏறினாள். கார் பின்னால் வந்தது. வல்லையில் லக்ஷன் வேகத்தைக் குறைத்தான். அருந்ததி மனமாரக் கும்பிட்டாள். முனியப்பரோடு அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. பின்னால் காரும் குறைத்தது. நின்றது. சுபாங்கன் தேங்காயும் கையுமாக இறங்கினான்.

"அக்கா, அண்ணை கை காட்டுறார். நிப்பாட்டவோ?"

"அவர் முனியப்பரோடை கதைச்சு முடிச்சுப்போட்டு வருவார். பிள்ளைக்குப் பசிக்குது, நீ ஓடு."