உதடு ஒட்டும் இடம்

உதடுகள் ஒட்டுகின்றன, பிரிகின்றன, திரையில் அந்தக் குழந்தை சத்தமில்லாமல் அம்மாவைக் கூப்பிடுகிறது, இருட்டறையில் மைக்குக்கு முன்னால் நின்று நான் அதற்குக் குரல் கொடுக்கிறேன், முப்பது வருடமாக இதுதான் பிழைப்பு, சினிமாக் குழந்தைகளுக்கு டப்பிங் பேசுவது, அதிலும் தாயைப் பறிகொடுத்த குழந்தை என்றால் அந்தம்மாவையே கூப்பிடுங்க என்பார்கள், மத்த எழுத்து முன்ன பின்ன போனாலும் பரவால்லம்மா, உதடு ஒட்டுற எடத்துல ம்மா கரெக்டா உக்காரணும், என்பார் சவுண்டு இன்ஜினியர் தயாளன், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, ஒன் மோர்.

தொழிலுக்கு வந்து ஐந்தாவது வருடம், ஒரு நாள் எட்டு டேக் போயும் அழுகை உட்காரவில்லை, பொய்யா இருக்கும்மா, நாளைக்குப் பாத்துக்கலாம் என்று அனுப்பிவிட்டார், மறுநாள் காலை, சாலிகிராமத்து மாடி வீட்டில் நான் செருப்பை மாட்டுகிறேன், என் மகள் மேகலா, ஆறு வயது, அவள் அப்பா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம், பக்கத்து வீட்டு எஸ்தர் அக்காவின் பிடியிலிருந்து துள்ளுகிறாள், போவாதம்மா, போவாதம்மா, கதவைச் சாத்திவிட்டு நான் படியிறங்கியிருக்க வேண்டும், இல்லை திரும்ப உள்ளே போய் அவளைத் தூக்கியிருக்க வேண்டும், இரண்டும் செய்யாமல் கதவில் காதை வைத்து நின்றேன், மூச்சு எங்கே அறுபடுகிறது, விக்கல் எப்போது வருகிறது, அம்மா என்பது எப்படித் தேய்ந்து முடிகிறது என்று பாடம் படித்தேன், பாவி, ஸ்டூடியோவில் ஒரே டேக்கில் ஓகே, தயாளன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆறு மாதம் கழித்து அந்தப் படத்துக்கு அவளைக் கூட்டிப் போனேன், என் குரலைக் கேட்கட்டும் என்ற பெருமை, படங்களில் அம்மா இல்லாத குழந்தைக்குக் காய்ச்சல் வரும், அம்மாவின் சேலையைக் கட்டிக்கொண்டு தூங்கும், கடைசி ரீலில் யாராவது ஓடிவந்து அள்ளிக்கொள்வார்கள், அதிலும் அப்படியே, குழந்தை அழுதது, தியேட்டரே மூக்கை உறிஞ்சியது, மேகலா மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தாள், அம்மா, இது நான் அழுவுறதுதான, என்றாள், சும்மா இருடி, அது நடிப்பு, என்றேன்.

அதற்குப் பிறகு அவள் அழவேயில்லை, காய்ச்சல் வரவில்லை, என் சேலையைத் தொடவில்லை, தானே தலை பின்னிக்கொண்டாள், எம் பொண்ணு சமத்து, நான் இல்லன்னா ஏங்க மாட்டா என்று ஸ்டூடியோ முழுக்கப் பீற்றிக்கொண்டேன், ஏக்கம் என்றால் சத்தமாக இருக்கும் என்று நம்பிவிட்டேன், நான் பேசிய படங்கள்தான் எனக்கும் பாடப்புத்தகம், சத்தமே போடாத குழந்தைக்குக் குரல் கொடுக்க என்னை யாரும் கூப்பிட்டதில்லை.

இருபத்தைந்து வருடம் கழித்து இன்றைக்குத்தான் சொன்னேன், எழும்பூர் ஸ்டேஷனில், இரண்டு நாள் இருந்துவிட்டு மதுரைக்கு வேலைக்குத் திரும்புகிறாள், பெட்டியைத் தூக்கப் போனவளிடம், அன்னிக்கு நான் கதவுக்கு வெளியவேதான் நின்னேன்டி, கேட்டுக்கிட்டே நின்னேன், என்றேன், தெரியும், என்றாள் நிதானமாக, படியில செருப்புச் சத்தம் கேக்கலியே, உள்ள வந்துருவன்னு நெனச்சித்தான் இன்னும் சத்தமா அழுதேன்.

ஏறிவிட்டாள், ஏசி பெட்டியின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முகம், சத்தம் வராது, வாய் லேசாகத் திறக்கிறது, உதடுகள் ஒட்டுகின்றன, இனி பிரிய வேண்டும், பழக்கதோஷம், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறேன், ரயில் நகர்கிறது, கூடவே நடக்கிறேன், உதடுகள் ஒட்டியபடியே இருக்கின்றன.