வயிறு புளித்த தொட்டி

பல்கலைக்கழகத்தின் பின்பக்கம், அரசாங்கப் பணத்தில் கட்டிய எரிவாயுத் தொட்டிக்கு அங்கிருந்தவர்கள் வைத்த பெயர் வயிறு. சந்தைக் காய்கறிக் கழிவை அரைத்து ஊற்றினால், உள்ளேயுள்ள நுண்ணுயிர்கள் தின்று எரிவாயு விடும். வட்டாரத்து ஆஸ்பத்திரிச் சமையலறைகளுக்கெல்லாம் இப்படியொரு தொட்டி என்பது திட்டம். தொட்டியைக் கவனித்துக்கொண்ட ஆய்வாளப் பெண்ணுக்கு அதுவே மூச்சு.

"வயிறு வயிறுன்னு உயிரை விடுறியே, இங்க ஒருத்தன் வயிறு காயுது, அதையும் கொஞ்சம் கவனி" என்று அவள் புருஷன் போனில் கிண்டலடிப்பான்.

மேலதிகாரி பார்வையிட வருவதாகச் சொன்னார்கள். அவர் தலையசைத்தால் திட்டம் தொடரும். இல்லாவிட்டால் இழுத்து மூடிவிடுவார்கள். சுடர் பெரிதாக எரியட்டுமே என்று அவள் ஒரு வாரமாகக் கழிவை இரண்டு மடங்கு ஊற்றினாள். வாயு பொங்கிக்கொண்டு வந்தது. அவர் வருவதற்கு முதல்நாள் பற்றவைத்தால் தீக்குச்சிதான் அணைந்தது! தின்ன மாட்டாமல் வயிறு புளித்து, எரியாத வாயுவாக விட்டுக்கொண்டிருந்தது. அடிப்பாவி, படித்தவள் செய்கிற வேலையா இது!

"பட்டினி போட்டு சுண்ணாம்பு கலந்தா ஒரு மாசத்துல பிழைச்சுக்கும் சார்" என்றாள்.

"அவர் நாளைக்கு வர்றாரும்மா" என்றார் திட்டத்தை நடத்திய பேராசிரியர். கெட்ட மனிதரில்லை. இந்தத் திட்டத்துக்காக எத்தனையோ அலுவலகங்களுக்கு நடையாய் நடந்தவர். சமையல் சிலிண்டர் ஒன்றைத் தானே தூக்கிவந்து சுவருக்குப் பின்னால் வைத்து, அடுப்புக் குழாயை அதில் மாட்டினார். "ஒரு நாள் கூத்துதான். கண்டுக்காதே."

அவள் தலையாட்டினாள்.

மறுநாள் அடுப்பு நீலமாக எரிந்தது. அதிகாரி குனிந்து பார்த்து மகிழ்ந்துபோனார். பலகையில் எழுதியிருந்த அந்த இரண்டு மடங்குக் கழிவின் அளவைக் காட்டி, "பிரமாதம்! எல்லா ஆஸ்பத்திரிக்கும் இதே அளவைச் சொல்லிடலாம்" என்றார்.

அப்படி ஊற்றினால் அத்தனை தொட்டியும் புளித்துப்போகும். நோயாளிகளுக்குக் கஞ்சி காய்ச்சக்கூட அடுப்பு எரியாது. பேராசிரியரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். அவள் சுவருக்குப் பின்னால் போய்ச் சிலிண்டரை மூடினாள்.

"என்னம்மா, அணைஞ்சிடுச்சு?"

"எரிஞ்சது சிலிண்டர் சார். அந்த அளவுதான் வயித்தைக் கெடுத்துச்சு. ஊத்தினது நான்."

அதிகாரி நேராகக் காருக்குப் போய்விட்டார். "என் தலையில மண்ணை வாரிப் போட்டுட்டியேம்மா" என்றார் பேராசிரியர், மெதுவாக. கத்தியிருந்தால் தேவலை.

திட்டத்தை மூடினார்கள். தொட்டியைக் காலிசெய்ய மாதக் கடைசி வரை அவகாசம் இருந்தது. அவள் தினமும் வந்து சுண்ணாம்பு கலந்தாள். "இடிக்கப்போறதுக்கு எதுக்குடி வைத்தியம்?" என்று கேட்ட புருஷனே லீவு போட்டுவிட்டுக் கிளறிவிட வந்தான்.

தொட்டியை உறிஞ்சிக் காலிசெய்கிற லாரி வந்த அன்று, எதற்கோ அவள் குழாயைத் திறந்து தீக்குச்சியைக் காட்டினாள். பற்றிக்கொண்டது. சின்னச் சுடர்தான், ஆனால் ஆடாமல் நீலமாக நின்றது.

"பிழைச்சிடுச்சும்மா" என்றார் பேராசிரியர். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"மேடம், குழாயை உள்ள விடட்டுமா? இன்னொரு இடத்துக்கும் போகணும்" என்றார் லாரிக்காரர்.

அவள் சுடரை அணைத்தாள்.

"விடுங்க."