சுவரைப் பார்த்த வில்லைகள்

எங்கள் மென்பொருள் சாகிற நாளில் நான் மதியமே வீட்டுக்கு வந்துவிடுவேன். அதற்கு மேல் அலுவலகத்தில் யார் முகத்தில் விழிப்பது? இரண்டு முறை அப்படி வந்ததில் என் எட்டு வயது மகளுக்கு இது மனப்பாடம். மூன்றாவது திட்டம் தொடங்கிய அன்றே, "இது எப்பம்மா சாகும்?" என்று கேட்டாள். கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதுவும் மண்ணைக் கவ்வினால் எங்கள் நால்வர் குழுவைக் கலைத்துவிடுவதாக நிறுவனம் சொல்லியிருந்தது.

இந்த முறை ஒரு பேருந்துப் பணிமனை. எண்பது ஓட்டுநர்களில் இன்று யாருக்கு எந்தத் தடம் என்பதைக் கணினியே பிரித்துக் கொடுக்க வேண்டும். அதுவரை அந்த வேலையைச் செய்தவரை எல்லோரும் டூட்டி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மேசைக்குப் பின்னால் பெரிய பலகை ஒன்று. அதில் எண்பது ஆணிகள், ஒவ்வொன்றிலும் ஓர் ஓட்டுநரின் எண் எழுதிய தகர வில்லை. எங்கள் இருநூறு பக்க ஆவணத்தில் அந்தப் பலகைக்கு ஒரே வரிதான்: 'பழைய முறை, நீக்கப்படும்.'

சோதனையின் முதல் மூன்று நாட்களும் கணினி ஒழுங்காகத்தான் டூட்டி போட்டது. ஆனால் தினமும் ஏழெட்டு ஓட்டுநர்கள் உடம்பு சரியில்லை என்று வராமல் போனார்கள். பேருந்துகள் நின்றன.

"அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன் மேடம். அப்புறம் எங்களுக்குப் பலகையே போதும்," என்றார் பணிமனை மேலாளர்.

எங்கள் குழுவில் பிழை தேடுகிறவருக்கு வெங்காயம் என்று பெயர். உரித்துக்கொண்டே போய் நம்மை அழவைப்பார். அவரே கையை விரித்துவிட்டார். "நம்ம புரோகிராம்ல ஒரு தப்பும் இல்ல. டிரைவருங்களுக்குத்தான் மாற மனசில்ல."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். முந்தைய இரண்டு முறையும் நானே இதைத்தான் சொல்லியிருந்தேன். அதனால் கோபம் இன்னும் பொத்துக்கொண்டு வந்தது.

வியாழக்கிழமை, "இன்னைக்குப் பழையபடி பலகையிலயே போடுங்கக்கா, நான் பாக்கறேன்," என்று சொல்லிவிட்டு டூட்டி அக்காவின் அறையில் உட்கார்ந்தேன். ஓட்டுநர்கள் வருவதும் பலகைப் பக்கம் போவதுமாக இருந்தார்கள். கூட்டம் ஓய்ந்ததும் அக்கா தேநீர் வாங்கப் போனார். பலகையில் ஆறு வில்லைகள் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தன. எனக்குக் கை சும்மா இருக்காது. போகிற வீட்டிலெல்லாம் வாசலில் கிடக்கும் செருப்புகளைக்கூட ஜோடி சேர்த்து வைக்கிறவள் நான். ஆறையும் எண் தெரியும்படி திருப்பி மாட்டினேன்.

அக்கா திரும்பி வந்து பலகையைப் பார்த்ததும் கோப்பையை ணங்கென்று வைத்தார்.

"யாரும்மா இதுல கை வெச்சது?"

"நான்தான்க்கா. மாறிக் கெடந்துச்சு, நேராக்கினேன்."

"டிரைவருங்களே அப்படி மாட்டினதும்மா அது! இன்னைக்கு எனக்கு லேசான ரூட்டா குடுன்னு அர்த்தம்."

"எதுக்காம்?"

"அதை மட்டும் நான் கேக்க மாட்டேன். ஒருத்தன் வீட்டுல சண்டையா இருக்கும். ஒருத்தன் பொண்ணு ஆஸ்பத்திரியில இருப்பா. கேட்டா பொய் சொல்லணும். அதுக்குக் கூச்சப்பட்டுக்கிட்டு லீவே போட்டுடுவாங்க."

"மீட்டிங்ல இதைச் சொல்லவே இல்லையேக்கா?"

"என்ன வேலை பாக்கறீங்கன்னு கேட்டீங்க, சொன்னேன். இதையெல்லாம் போய் வேலைன்னு யாராவது சொல்லுவாங்களா?"

ஆறில் ஐந்து எண்கள் அவருக்கு நினைவிருந்தன. ஆறாவதற்காக நான் நன்றாகத் திட்டு வாங்கினேன். அந்த ஆறாவது ஓட்டுநர் அன்று இருப்பதிலேயே நீண்ட தடத்தை வாய் திறக்காமல் ஓட்டிவிட்டு, மறுநாள் உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பினார். மூன்று நாளாக நாங்கள் தேடிய பிழை அதுதான். வெங்காயம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை முழுக்க வேலை பார்த்து, ஓட்டுநர்களின் கைபேசித் திரையில் ஒரே ஒரு பொத்தானைச் சேர்த்தோம்: 'இன்று லேசான தடம்.' மேலாளர் முகத்தைச் சுளித்தார்.

"காரணம் எழுத ஒரு கட்டம் வைங்க. இல்லன்னா தினமும் எண்பது பேரும் அழுத்துவாங்க."

நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அக்கா முந்திக்கொண்டார்.

"பதினாறு வருஷமா பலகையில காரணம் எழுத எடமே இல்ல சார். ஒரு நாளும் எட்டுக்கு மேல போனதில்ல. தான் தள்ளிவிடற ரூட்டு கூட ஓட்டறவன் தலையிலதான் விழும்னு அவங்களுக்குத் தெரியாதா?"

மேலாளர் பலகையை ஒருமுறை பார்த்தார். "சரி, ஒரு வாரம்தான்," என்றார்.

திங்கட்கிழமை ஐந்து பேர் அழுத்தினார்கள். செவ்வாய் ஏழு. புதன் நான்கு. ஒரு பேருந்துகூட நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேலாளர் கையெழுத்துப் போட்டார். குழு பிழைத்தது. வெங்காயமே அழுததை அன்றுதான் பார்த்தேன்.

அக்காவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். பலகையின் ஓரத்தில் புதிதாக ஓர் ஆணி. அதில் ஒரு வில்லை சுவரைப் பார்த்துத் தொங்கியது. எனக்குக் கை அரித்தது.

"திருப்பிப் பாரு, பரவாயில்ல," என்றார் அக்கா.

திருப்பினேன். சாக்பீஸால் 'கம்ப்யூட்டரம்மா' என்று எழுதியிருந்தது.

"பதினஞ்சு நாளா உன் மூஞ்சியப் பாக்க சகிக்கல. வீட்டுக்குக் கெளம்பு. ஏன்னு கேக்க மாட்டேன்."

இத்தனை வருட வேலையில் யாரும் எனக்கு இப்படி விடுப்பு தந்ததில்லை. வில்லையை மறுபடி சுவரைப் பார்க்க மாட்டிவிட்டுக் கிளம்பினேன்.

பள்ளியிலிருந்து அப்போதுதான் வந்திருந்த மகள், என்னைக் கண்டதும் முகம் வாடி ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"இதுவும் செத்துடுச்சாம்மா?"

"இல்லடி. பொழச்சுக்கிச்சு."

"அப்புறம் ஏன் சீக்கிரமே வந்துட்ட?"

"ஏன்னு கேக்கக் கூடாது."

அவள் புத்தகப் பையைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"அப்ப இன்னைக்கு நானும் ஹோம்வொர்க் பண்ண மாட்டேன். ஏன்னு கேக்கக் கூடாது."

நான் கேட்கவில்லை.