மஞ்சள் செங்கல்

இப்போதெல்லாம் மனுஷர்களுக்கு வரிசையில் நிற்கக்கூடத் தெரியவில்லை. கையில் இருக்கும் போனைப் பார்த்துக்கொண்டே காலை மிதிக்கிறார்கள். நிமிர்ந்து பார்த்து ஒரு ‘சாரி’ கிடையாது. இன்று காலை என் மகள் லொரெட்டாவின் சாப்பாட்டுக் கடை வாசலில், பெற்ற அப்பனான எனக்கே பதினான்காவது இடம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே கடையில் மதியச் சாப்பாட்டுக்கு ஒன்பது பேர் வந்தால் அதிகம். கண்ணாடித் தொழிற்சாலை மூடியதும் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊரே ஓய்ந்துவிட்டது. கடைத்தெருவில் மிஞ்சியது லொரெட்டாவின் கடையும், எதிரே பூட்டிக் கிடந்த வெய்லண்ட் ஜவுளிக்கடையின் ஆறு மாடியும்தான். மற்ற கட்டிடங்களையெல்லாம் ஐம்பது வருஷத்துக்கு முன்னாலேயே இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். அரசாங்கம் அன்றைக்கும் ஊரை உயர்த்தப் போவதாகச் சொல்லித்தான் பணம் தந்தது. இடித்தவன் நான். கிரேனில் இரும்புக் குண்டைக் கட்டி ஆட்டியது இந்தக் கைதான்.

அதனால்தான், வெய்லண்ட் கட்டிடத்தில் புதுசு புதுசாகக் கண்டுபிடிப்பவர்களுக்குப் பட்டறை அமைக்க மாநிலம் பணம் தருகிறது என்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கட்டிடம் உறுதியாக இருந்தால்தான் பணம் என்றார்கள். நகரசபை கூட்டிவந்த இன்ஜினியர் மூன்றாம் மாடிச் சுவரில் பெரிய விரிசலைப் பார்த்துவிட்டு, அஸ்திவாரம் இறங்குகிறது, இடித்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

“இதுவும் கார் நிறுத்தற எடமா ஆச்சுன்னா, நான் கடையைப் பூட்டிட்டு கொலம்பஸ் நகரத்துக்கே போயிடுவேம்ப்பா” என்றாள் லொரெட்டா.

எங்கள் நகரசபையில் யார் வேண்டுமானாலும் எழுந்து மூன்று நிமிஷம் பேசலாம். மாசம் தவறாமல் ஏதாவது ஒன்றை எதிர்த்துப் பேசிவருபவன் நான். அந்த மாசக் கூட்டத்துக்கும் இந்தப் பணத்தை எதிர்க்கத்தான் போனேன்.

“எமில் வந்துட்டான்டா! இன்னைக்கு யாரைத் திட்டப் போற?” என்று முடிதிருத்தும் டுவேன் கத்தினான்.

“ஒன் கத்தரிக்கோலத்தான்.”

மேயரம்மா மணியைத் தொட்டார். “எமில், மூணே நிமிஷம்.”

அதற்குள் இன்ஜினியர் அந்தச் சுவரின் படத்தைத் திரையில் காட்டினார். அஸ்திவாரமாம்! கடைசி வரிசையில் லொரெட்டா ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். பணத்தைத் திட்ட வந்த வாயில் வேறு பேச்சு வந்துவிட்டது.

“அஸ்திவாரமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. அது நான் அடிச்ச அடி. எழுபத்தொண்ணுல பக்கத்து ஓட்டலை இடிக்கிறப்போ கை தவறி ரெண்டு டன் குண்டு அந்தச் சுவத்துல மோதிச்சு. கட்டிடம் அசையல, குண்டுதான் திரும்பி வந்துச்சு. வேலை போயிடும்னு ஞாயித்துக்கிழமை நானே ஓட்டை அடைச்சேன். பூச்சைச் சொரண்டிப் பாருங்க. ஓட்டலோட மஞ்சச் செங்கல் இருக்கும்.”

“அம்பத்திரண்டு வருஷமா சொல்லவே இல்லையே, எமில்!” என்றார் மேயரம்மா.

“நீங்க கேக்கல.”

மறுநாள் சுரண்டினார்கள். சிவப்புச் சுவரில் வட்டமாக மஞ்சள் செங்கல். இன்ஜினியர் அஸ்திவாரத்தையும் தோண்டிப் பார்த்துவிட்டுத் தன் அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பணம் வந்தது.

இன்று திறப்பு விழா. பள்ளிக்கூட பேண்டு வாத்தியம் தெருவை அதிரவைத்தது. ஆறு மாடி ஜன்னலிலும் விளக்கு. முப்பத்தெட்டுப் பட்டறையில் ஒன்றுகூடக் காலி இல்லை. மூடிய தொழிற்சாலையில் கண்ணாடி ஊதியவர்கள் இங்கே ஆஸ்பத்திரிக் கருவிக்குக் கண்ணாடிக் குழல் செய்கிறார்கள். லொரெட்டா கடையில் பத்தரை மணிக்கே ஆப்பிள் பை என்கிற பலகாரம் தீர்ந்துவிட்டது. வேலைக்கு நான்கு பேர் வைத்திருக்கிறாள். வாடகை ஒப்பந்தம் பத்து வருஷத்துக்குப் போட்டுவிட்டாளாம்.

எனக்கென்று எடுத்துவைத்திருந்த ஒரு துண்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள்.

“ஒரு தடவையாவது நல்லாயிருக்குன்னு சொல்லேம்ப்பா.”

“நான் இடிச்ச அன்னைக்கும் பேண்டு வாசிச்சாங்கம்மா. பத்து வருஷம் ஆகட்டும், பாக்கலாம்.”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் வண்டியை நோக்கி நடந்தேன். பழைய கார் நிறுத்துமிடத்தில் புல் போட்டு பெஞ்சு வைத்திருக்கிறார்கள். வண்டி நான்கு தெரு தள்ளி நிற்கிறது.

இதற்குப் பெயர் முன்னேற்றமாம்.