தலையில்லாத மயில்

இளம்பிள்ளையில் தறி போட்டிருக்கும் குமரகுருவுக்கு, தான் செய்த நல்ல காரியத்தை நாலு பேர் காதில் போடாவிட்டால் சோறு இறங்காது. சுனாமி வந்தபோது நாகப்பட்டினத்துக்கு இருபது புதுச் சேலைகள் அனுப்பினார். அந்த இருபதைக் கேட்டுக் கேட்டே ஊர் சலித்துப்போனது. ஒரு சுனாமி அருங்காட்சியகத்தின் பொருட்களைச் சேலத்துக் கல்லூரி ஒன்றில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள், உதவியவர்களின் பெயர்ப் பலகையும் இருக்கிறது என்று தெரிந்ததும், மனைவி பூவாத்தாளைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

சேறு காய்ந்த பள்ளிக்கூடப் பையையும் ஒற்றைச் செருப்புகளையும் பார்க்காமல், பலகையைத் தேடியே நடந்தார். பூவாத்தாள்தான் ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, இங்க வாங்க."

உள்ளே பாதியாகக் கிழிந்த நீலச் சேலை. கரை நெடுக மயில்கள். ஒன்றுக்கும் தலை இல்லை.

குமரகுருவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவர் வெளியூர் போயிருந்த வாரத்தில், சேலையில் உருவம் விழவைக்கும் ஜக்கார்டு அட்டைகளைக் கோத்தவன் சிலதை விட்டுவிட, மயில்கள் கழுத்தோடு நின்றுபோன சேலைகள் அவை. கடைக்காரர்கள் தொட மறுத்த டேமேஜ் சரக்கு.

"எழவு விழுந்த ஊட்டுக்கு இதையா அனுப்பறது?" என்று பூவாத்தாள் அன்றைக்கே கேட்டாள்.

"மயிலுக்குத் தலை இருக்குதான்னா பாக்கப் போறாங்க?" என்று அவள் வாயை அடைத்தவர் இவர்.

பெட்டியருகே நின்றிருந்த ஒரு பெண் இவர்களிடம் வந்தாள். பெயர் அஞ்சலாட்சி, இந்தப் பொருட்களோடு ஊர் ஊராக வருகிறவள்.

"எனக்கு வந்த சேலை இதுங்க. எம் பொண்ணுங்க ரெண்டும் எட்டாம் நாளுதான் கெடச்சுதுங்க. பாதியைக் கிழிச்சு, சுத்திப் பொதைச்சோம். மிச்சத்தைப் பாத்தா, மயிலுக்குத் தலை இல்ல. எங்கேயோ இருக்குற ஒரு மனுசன், எங்களுக்கு நடந்ததைக் கேட்டு மனசு ஒடிஞ்சு இப்படி நெய்திருக்காரேன்னு அன்னைக்குத்தான் வாய்விட்டு அழுதேன். லாரி லாரியா பழசை அள்ளிக் கொட்டுனாங்க. எங்களுக்குன்னே நெய்து வந்தது இது ஒண்ணுதான்."

செருப்பால் அடித்திருந்தால்கூடக் குமரகுரு தாங்கியிருப்பார். உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார்.

"அம்மிணி, இது எங்க தறில நெஞ்சதுதானுங்க. ஆனா..."

அந்த 'ஆனா' அவள் காதில் விழவே இல்லை. அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். கை முழுக்க ஈரம்.

"எம் பொண்ணுங்க மாதிரி பிள்ளைங்களை நெனச்சுத்தானே ஐயா நெஞ்சீங்க?"

அவர் பூவாத்தாளைப் பார்த்தார்.

"ஆமாங்க" என்றார் குமரகுரு.

சொன்ன மாத்திரத்தில் அவருக்கு அழுகை உடைத்துக்கொண்டு வந்தது. அதையும் தன் பெண்களுக்கான அழுகை என்றே நம்பி, அஞ்சலாட்சி அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.