கூடத்து மணலின் அளவு

மணல் விழுந்த அந்த ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர்: குஷாய்குடா வீட்டுக்காரர் நாராயணஸ்வாமி, மனைவி கல்பகம், மகள் வர்ஷினி, பெண் பார்க்க வந்த பத்ரிநாராயணன், மனைவி சாருலதா, மாதாப்பூரில் வேலை பார்க்கும் மகன் ஆதர்ஷ். மணல் அன்று புதிதாக விழவில்லை. இருபத்தேழு வருடங்களாகத் தினமும் காலை பத்தரைக்கு, விரிசலில்லாத கான்கிரீட் கூரையிலிருந்து ஒரு படி பாலைவன மணல் விழுகிறது. அப்போது, பாலைவனத்தில் பூமிக்கடியில் அணுகுண்டு வெடித்துச் சோதித்த இடத்துக்கு, கதிர்வீச்சு அளக்கும் வேலையிலிருந்த நாராயணஸ்வாமியை அனுப்பியிருந்தார்கள். குழிக்கு மேலிருந்த மணலை அளந்து, கதிர்வீச்சு கசியவில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். மறுநாளிலிருந்து விழுகிறது. பொய்க் கையெழுத்தென்று தெருவில் பேச்சு. அவர் தினமும் விழுந்த மணலைக் கதிர்வீச்சு மீட்டரால் அளந்து, நோட்டில் எழுதி, பெருக்கிக் கொட்டினார். அளவு ஒரு நாளும் கூடவில்லை. ஆனாலும், எங்கோ ஒரு மூலையை விட்டுவிட்டோமோ என்ற சந்தேகத்தோடுதான் மீட்டரை நீட்டுவார்.

பத்ரிநாராயணன் கால்களைச் சோபாமேல் தூக்கிக்கொண்டு, அளந்து காட்டச் சொன்னார். மணலில் முள் நான்கில் நின்றது. கிரானைட் தரையில் வைத்தபோது எட்டு. இந்த ஊர்க் கல்லிலேயே கொஞ்சம் உண்டு, மணலில் அதில் பாதிதான் என்று நாராயணஸ்வாமி விளக்கினார். வந்தவருக்கு இப்போது மீட்டர்மேலும் சந்தேகம் வந்தது.

"ஒண்ணுமில்லேன்னா பூஜ்யம்னா காட்டணும், ஸார்?"

கல்பகம் கணவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். வர்ஷினிக்கு இது நாலாவது வரன். "பேட்டரியக் கழட்டிட்டுக் காட்டுங்கோளேன். அவா கேக்கறது பூஜ்யம்தானே."

அவர் கூடத்துக்குத் திரும்பினார். "பூஜ்யம் காட்டினா மீட்டர் செத்துப்போச்சுன்னு அர்த்தம். உசிரோட இருக்கற மீட்டர் எங்கயும் பூஜ்யம் காட்டாது."

சாருலதா பால்கோவாவைத் தொடாமலே தட்டைத் தள்ளி வைத்தாள். "அப்படின்னா பொண்ணையும் ஒருதடவை அளந்துடலாமே. இந்த வீட்லயே வளந்தவதானே."

நாராயணஸ்வாமியின் முதுகு இன்னும் நிமிர்ந்தது. வர்ஷினி ஆதர்ஷைப் பார்த்தாள். அஞ்சு நிமிஷ வேலைதானே என்றான் அவன்.

"நக்கோ," என்று அந்த ஊர்ப் பேச்சிலேயே வேண்டாமென்றாள் வர்ஷினி. அப்பாவின் கையிலிருந்து மீட்டரை வாங்கி, அணைத்து, சாருலதாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "உங்க பூஜ்யம், ஆன்ட்டி. பாத்துக்கோங்கோ."

அவர்கள் போனபின் நாராயணஸ்வாமி நோட்டில் நான்கு என்று எழுதிவிட்டுப் பெருக்கினார்.

மணலுக்குப் பயந்து மாப்பிள்ளை வீட்டார் வேண்டாமென்றார்கள் என்று குஷாய்குடாவில் சொல்கிறார்கள். அது தவறு. மறுநாள் காலையே அவர்கள் சம்மதம் சொல்லிப் போன் செய்தார்கள். வேண்டாமென்றது இந்த வீடு.