நாற்பது பேருக்கான அடுப்பு

ராணுவம் கழித்துப்போட்ட அந்த எண்ணெய் அடுப்பு நாற்பது பேரைத்தான் சூடாக்கும். நாற்பத்தோராவதாகக் கூடாரத்துக்குள் வருபவர் அடுப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாலும் விறைத்துப்போவார். அர்சால் மேட்டு அகதி முகாமில் இதை யாரும் அதிசயமாகச் சொல்வதில்லை. இந்த வருடம் பனி எத்தனை முழம் என்று சொல்லும் அதே குரலில்தான் சொல்வார்கள்.

அதைப் பழைய இரும்புக் கடையிலிருந்து கழுதை வண்டியில் ஏற்றிவந்தவர் நவ்வாஃப். எல்லைக்கு அந்தப்பக்கம் குசைர் ஊரில் டிராக்டர் பழுதுபார்த்தவர். போரில் ஊர் தரைமட்டமான பிறகு மனைவி கவ்லாவுடன் எல்லை தாண்டி வந்தவர். எந்தப் படை எந்தக் கூடாரத்தில் அதைப் பற்றவைத்ததோ தெரியாது. இடுப்புயரம், பச்சைப் பெயின்ட், நெற்றியில் 40 என்று பொறித்த பித்தளைத் தகடு. மண்ணெண்ணெய்க்காகச் செய்த அடுப்பு. முகாமில் கிடைப்பதோ கலங்கல் டீசல். நவ்வாஃப் எண்ணெய் சொட்டும் துளையை அகலமாக்கினார், நிவாரண எண்ணெய் டின்களை வெட்டிச் சுருட்டிப் புகைக்குழாய் செய்தார். ஒரே அடுப்பு என்பதால் ஏழு குடும்பங்கள் தங்கள் கூடாரங்களைப் பிரித்து ஒன்றாகத் தைத்தன. தலைகளை எண்ணினார்கள்: சரியாக நாற்பது. கவ்லாவின் வயிற்றில் இருந்ததை யாரும் எண்ணவில்லை. பன்னிரண்டு வருடம் கழித்துத் தங்கிய கரு. பிறக்காத பிள்ளையைக் கணக்கில் சேர்த்தால் கண் பட்டுவிடும் என்று, “நாங்க ரெண்டு பேருதான்” என்று நவ்வாஃபே சொன்னார்.

ஒரு மாதம் எல்லோரும் சுகமாக இருந்தார்கள். கிழவர்கள் மூன்று வருடத்தில் முதல்முறையாகக் காலுறையைக் கழற்றினார்கள். ஜனவரியில், இடுப்பளவு பனி கிடந்த ஒரு நண்பகலில், பெண் குழந்தை பிறந்து, அந்த நாற்பதில் ஒருத்தியான மருத்துவச்சி உம் தியாபின் கையிலேயே நீலம்பாரித்தது.

“தீயைக் கூட்டுய்யா! என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிற?” என்று அவள் நவ்வாஃபை விரட்டினாள்.

“முழுசாத் தொறந்துட்டேன்க்கா. தகரமே செவந்துபோச்சு.”

“அப்ப பிள்ளை மேல ஏன் பனி பூக்குது?”

சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் வியர்த்துக்கொண்டிருந்தது. சுற்றிய துணியில் மட்டும் உறைபனி. நவ்வாஃப் தகட்டைப் பார்த்தார். பிறகு கண்ணேறுக்குப் பயப்படாமல், விரல் நீட்டி ஆட்களை எண்ணினார்: குழந்தையோடு நாற்பத்தொன்று. அரத்தை எடுத்து அந்த எண்ணைத் தேய்த்தே அழித்தார், ஒன்றும் மாறவில்லை. கடைசியில் மேலங்கிகூடப் போடாமல் படுதாவைத் தூக்கி வெளியே போனார். உள்ளே குழந்தை வீறிட்டு அழுதது. பனியில் நின்று அதைக் கேட்ட மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். முகம் பார்க்க ஆசைப்பட்டுத் திரும்பி வந்தபோது, கடைசியாக நுழைந்தவர் அவர்தான் என்பதால், குளிர் குழந்தையை விட்டு அவர்மேல் ஏறிக்கொண்டது.

“ஆளுக்கொரு நாள் வெளிய போயிட்டுக் கடைசியா வருவோம், முறை வெச்சுக்கலாம்யா, நாங்க என்ன செத்தா போயிட்டோம்?” என்றார்கள் பக்கத்துப் படுக்கைக்காரர்கள்.

“எண்ணாம விட்டது என் பிள்ளைய. உங்க பிள்ளைய இல்ல.”

பிடிவாதக்காரர், கொஞ்சம் மடையர் என்றும் சொல்லலாம். மார்ச்சில் அடுப்பை அணைத்தார்கள், குளிர் அவரைவிட்டு இறங்கவில்லை. ஆகஸ்ட் வெயிலிலும் தாடியில் உறைபனி நின்றது. பெண்கள் தயிர்ப் பானைகளை அவர் அருகில் வைத்தார்கள்; தடுப்பூசி போட வந்த நர்ஸ் தன் மருந்துப் பெட்டியை அவர் மடியில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனாள். கவ்லா தனக்கும் அவருக்கும் நடுவில் மெத்தையைச் சுருட்டிப் போட்டுப் படுத்தாள், சில நாள் அழுதாள். ரிஹாம் என்று பெயர் வைத்த மகளை அவர் ஒருமுறைகூடத் தூக்கவில்லை. குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கடல் தாண்டிப் போய்க் கூடாரத்தில் பத்தொன்பது பேரே மிஞ்சியபோது, இனி இடம் இருக்கிறதே என்று அவரை இழுத்து அடுப்பின் முன்னே உட்காரவைத்தார்கள். ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்தார். குளிர் அடுப்புக்கு அடங்கவில்லை.

ஏழாவது கோடையில் ரிஹாம் தயிர் எடுக்க வந்தாள். அவர் தூங்குகிறார் என்று நினைத்து அவர் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். அவர் கண் விழித்தார். விடச் சொல்ல வாய் வரவில்லை. அவளாகக் கையை இழுத்தபோது உள்ளங்கைத் தோல் கொஞ்சம் விரலிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது.

“வலிக்குதாம்மா?”

“கொஞ்சம்” என்றாள். மறு கையால் பானையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, தயிர் புளிப்பதற்குள் கொடுக்கவேண்டுமென்று அம்மாவிடம் போனாள்.